'என்னமோ செய்யுது': வயிற்றின் வாக்குமூலமும் வினாப்படிவத்தின் இலக்கணமும்

1

சென்ற ஆண்டு கார்த்திகையில் என் சித்தியைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் ஒரு வயிற்று டாக்டரிடம் போயிருந்தேன். டோக்கன் வாங்கியதும் வரவேற்பில் இருந்த பெண் அட்டையில் செருகிய நாலு பக்கத் தாளைக் கொடுத்தார். 'இத நிரப்பிக் குடுத்திருங்க சார், டாக்டர் பாத்துட்டுத்தான் கூப்பிடுவாங்க' என்றார். சித்திக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முப்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். நான் தமிழ் எம்.ஏ. ஆகவே தாள் என் கைக்கு வந்தது.

'கடந்த 3 மாதங்களில் வாரத்திற்கு எத்தனை நாட்கள் வயிற்றில் வலி இருந்தது?' என்று வாசித்தேன். எதிரே ஐந்து கட்டங்கள்.

'வலின்னு சொல்ல முடியாது ஏய்யா. என்னமோ செய்யுது.'

'வலிக்குதா இல்லையா சித்தி?'

'வலிச்சா வலிக்குன்னு சொல்ல மாட்டனா? உள்ளுக்குள்ள என்னமோ செய்யுது. சோறு எறங்கினா போதும், கல்ல வச்ச மாதிரி. அப்புறம் ஒரு பெரட்டு. அவுக போனதுல இருந்தே இப்படித்தான்.'

'அவுக' என்றால் சித்தப்பா. அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கட்டங்களில் ஆறு வருஷத்துக்கும் இடமில்லை, சித்தப்பாவுக்கும் இடமில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 'வாரத்திற்கு 2–3 நாட்கள்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அது சித்தி சொன்னதல்ல. சித்தி சொன்னதை நான் மொழிபெயர்த்ததுகூட அல்ல. கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக நான் எழுதிய ஒரு புனைவு.

இந்தக் கட்டுரை அந்த டிக் பற்றியது.

2

இந்தத் தாள்களை அலுவலகச் சம்பிரதாயமென்று நினைத்துத் தள்ளிவிட முடியாது. வயிற்று மருத்துவத்தில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கணிசமான வயிற்று நோயாளிகளுக்குக் குழாய் விட்டுப் பார்த்தாலும், ஸ்கேன் எடுத்தாலும், இரத்தம் பரிசோதித்தாலும் எதுவும் தென்படுவதில்லை. ஆனால் அவஸ்தை உண்மை. இவற்றைச் செயல்சார் கோளாறுகள் என்பார்கள். எரிச்சல்கொண்ட குடல், அதாவது ஐ.பி.எஸ்., இந்த வகை. இதில் நோய் என்று கையில் எடுத்துக்காட்ட ஒன்றுமில்லை. நோயாளி சொல்கிற சொல்தான் நோயின் ஒரே தடயம்.

அந்தச் சொல்லை எப்படி நம்புவது என்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் யோசித்தார்கள். மேனிங், தாம்ப்சன், ஹீட்டன், மோரிஸ் ஆகிய நால்வர் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 109 நோயாளிகளிடம் 15 அறிகுறிகளைப் பற்றிய வினாப்படிவம் கொடுத்து வாங்கி, ஒன்றரை இரண்டு வருஷம் கழித்து அவர்களுக்கு உண்மையில் என்ன நோய் என்று கண்டுபிடிக்கப்பட்டது என ஒப்பிட்டார்கள். மலம் போனால் வலி தணிவது, வலி தொடங்கும்போது மலம் இளகிப்போவது, அடிக்கடி போவது, வயிறு கண்ணுக்குத் தெரியும்படி உப்புவது ஆகிய நான்கும் ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தன. கேட்கிறபடி கேட்டால் சொல்லும் சாட்சிதான் என்றாயிற்று. பின்னர் பல நாட்டு நிபுணர்கள் ரோமில் கூடி வகுத்த வரையறைகள் 'ரோம் அளவுகோல்' எனப்பட்டன. அதன் நான்காம் பதிப்பு 2016-இல் வந்தது. சித்தி கையில் இருந்த தாளின் பூர்வீகம் இதுதான்.

நம் சிற்றிதழ்ச் சூழலில் இந்த இடத்தில் என்ன எழுதுவோம் என்பது எனக்குத் தெரியும். நானே எழுதியிருக்கிறேன். 1963-இல் ஃபூக்கோ மருத்துவமனையின் பிறப்பு பற்றி எழுதியதை எடுத்துக்கொள்வோம். வலியின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர், வலியின் இடத்தைத் தேடுகிறவராக மாறியதை அவர் காட்டினார். அதை நீட்டி, வினாப்படிவம் அதிகாரத்தின் இன்னொரு கருவி, உடலைக் கட்டங்களுக்குள் அடைக்கிறது, நோயாளியின் மொழியைப் பறிக்கிறது என்று முடித்துவிடலாம். சித்தியின் அனுபவமும் இதற்குத் தோதாகவே இருக்கிறது.

ஆனால் இந்த வாசிப்பு பாதி தூரம்தான் போகிறது. மீதியைப் பார்க்க நம் கடலுக்கே வர வேண்டும்.

3

மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முன்னால், எதிர்க்கரையில் கொண்டச்சியில் நடந்த குளிப்பைப் பற்றி ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1803-இல் வெளியான தன் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். அங்கே வேலை செய்த ஆட்கள் முத்தை விழுங்கிவிட்டதாக வியாபாரிக்குச் சந்தேகம் வந்தால், வாந்திக்கும் பேதிக்கும் கடுமையான மருந்து கொடுத்துவிடுவார்களாம். விழுங்கினாயா என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை. வயிறே வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

உழைக்கிறவன் வாயை நம்பாதே, வயிற்றைத் திறந்து பார் என்பது நம் கரைக்குப் பழக்கமான அதிகாரம். இந்தப் பின்புலத்தில் வைத்தால் வினாப்படிவம் வேறு விதமாகத் தெரியும். குழாய்க்கும் ஸ்கேனுக்கும் பிடிபடாத ஒன்றை நீ சொன்னால் நான் பதிவு செய்கிறேன் என்று சொல்லும் தாள் அது. எண்டோஸ்கோப்பி முடிந்ததும் 'ஒண்ணுமில்லம்மா' என்று அனுப்பப்படும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் முதல் காகிதம் அதுதான். ஆகவே அதை நிராகரிப்பதல்ல, அதன் இலக்கணத்தோடு சண்டை போடுவதே நம் வேலை.

இலக்கணம் என்று சும்மா சொல்லவில்லை.

4

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்திருப்பதை எம்.ஏ.வில் மனப்பாடம் செய்து மறந்துபோனோம். விடை எட்டு: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. நேர் என்றால் ஆம். மறை என்றால் இல்லை. வினாப்படிவம் இந்த எட்டில் இரண்டை மட்டும் ஏற்கிறது. 'எப்போதாவது', 'அடிக்கடி', 'எப்போதும்' என்று கட்டங்களைப் பெருக்கினாலும், அவை நேருக்கும் மறைக்கும் நடுவே போட்ட படிகள்தாம்.

நம் மக்கள் மருத்துவரிடம் பேசுவதோ மீதி ஆறில். 'சாப்பாடு செரிக்குதா?' என்றால் 'நேத்து கஞ்சி குடிச்சேன், ராத்திரி முழுக்க ஒக்காந்தே இருந்தேன்' என்பது உற்றது உரைத்தல். 'காரம் சாப்பிடுவீங்களா?' என்றால் 'சாப்பிட்டா எரியுமே' என்பது உறுவது கூறல். 'டீ குடிப்பீங்களா?' என்றால் 'வெத்தல உண்டு' என்பது இனமொழி. 'தினமும் வெளிக்குப் போறீங்களா?' என்றால் 'போகாம இருப்பாகளா?' என்பது வினா எதிர் வினாதல். பள்ளிக்கூட இலக்கணத்தில் உற்றது உரைத்தலுக்குக் கொடுக்கிற உதாரணமே பெரும்பாலும் 'கால் வலித்தது' போன்ற ஒன்று. உடம்பு நோவைப் பற்றிய பேச்சு தமிழில் இப்படித்தான் நடக்கும் என்பது உரையாசிரியர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் தகவல் குறைவாக இல்லை. 'கஞ்சி குடிச்சேன், ராத்திரி ஒக்காந்தே இருந்தேன்' என்பதில் உணவு, நேரம், படுத்தால் கூடுவது ஆகிய மூன்றும் இருக்கின்றன. கேட்கத் தெரிந்த டாக்டர் மூன்றையும் எடுத்துக்கொள்வார். கட்டம் எதையும் எடுத்துக்கொள்ளாது.

5

அடுத்தது சொல். ரோம் அளவுகோலின் மூன்றாம் பதிப்பு வரை ஐ.பி.எஸ். வரையறையில் 'வலி அல்லது அசௌகரியம்' என்று இருந்தது. நான்காம் பதிப்பில் அசௌகரியத்தை எடுத்துவிட்டார்கள். அந்த ஆங்கிலச் சொல் தெளிவற்றது, பல மொழிகளில் அதற்கு ஈடான சொல் இல்லை, இருக்கும் மொழிகளிலும் பொருள் மாறுகிறது என்பது காரணம். கூடவே வலி மாதத்தில் மூன்று நாளாவது இருக்க வேண்டும் என்பதை வாரத்தில் ஒரு நாளாவது என்று இறுக்கினார்கள். 33 நாடுகளில் 73,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இணையவழி பதில் தந்தவர்களிடையே பழைய அளவுகோலின்படி 10.1 சதவீதமாக இருந்த ஐ.பி.எஸ்., புதியதன்படி 4.1 சதவீதம் ஆனது. பத்துப் பேரில் ஆறு பேர் நோயாளிப் பட்டியலிலிருந்து உதிர்ந்தார்கள். அவர்கள் வயிற்றில் எதுவும் மாறவில்லை. வரையறை வாக்கியம் மாறியது, அவ்வளவுதான்.

தமிழில் 'அசௌகரியம்' என்பதை வயிற்றுக்கு யாரும் சொல்வதில்லை, அது ரயில் பயணத்துக்குச் சொல்வது. நிபுணர்கள் தேடிக் கிடைக்காத ஈட்டுச்சொல் இங்கே சித்தியின் வாயில் இருக்கிறது: 'என்னமோ செய்யுது.' எழுவாய் இல்லாத வாக்கியம். வலிக்கு முந்திய, பெயரிடப்படாத ஒரு வினை. இதைத் தமிழ்ப்படுத்தியவர் பாடப்புத்தகத் தமிழில் தேடினார், கிடைக்கவில்லை. நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, பொருமல், உப்புசம், புளிச்ச ஏப்பம், கடுப்பு, வயித்தால போகுது, முக்க வேண்டியிருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொருளோடு ஒரு சொல்தொகுதியே நம்மிடம் இருக்கும்போது, படிவத்தில் 'இரைப்பைக் குடல் வாயுத் தொல்லை' என்று இருந்தது. சித்தி கேட்டாள்: 'கேஸையா கேக்காவ?'

படங்களும் விலக்கல்ல. அதே ஹீட்டன் லூயிஸ் என்பவரோடு சேர்ந்து 1997-இல் வெளியிட்ட பிரிஸ்டல் அளவுகோல் மலத்தை ஏழு வடிவமாகப் பிரிக்கிறது. உலகம் முழுக்க மருத்துவமனைச் சுவர்களில் தொங்குவது. குடலில் மலம் எவ்வளவு நேரம் தங்கியது என்பதை வடிவத்தைக் கொண்டு ஊகிக்க முடியும் என்பதால் பயனுள்ள கருவிதான். ஆனால் முதல் வகைக்குக் கொட்டைகள், மூன்றுக்கும் நான்குக்கும் சாசேஜ் என்று உவமை. சாசேஜைக் கண்ணால் பார்க்காதவளுக்கு அது என்ன உவமை? 'ஆட்டுப் புழுக்கை மாதிரி' என்றால் ஒரு நொடியில் முடிந்துபோகும். கேட்பவர் அறிந்ததைக் கொண்டுதான் அறியாததைச் சொல்ல வேண்டும்.

6

இதுவரை சொன்னது மொழிப் பிரச்சினை. இதைவிட ஆபத்தானது கேள்விக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை பற்றிய அனுமானம்.

எல்லாப் படிவங்களிலும் 'அபாய அறிகுறிகள்' என்று ஒரு பகுதி உண்டு. காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம், காய்ச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் செயல்சார் கோளாறு என்று விட்டுவிடக்கூடாது, உள்ளே பார்த்தாக வேண்டும். சரியான விதி.

சித்தியிடம் கேட்டேன்: 'இரவில் மலம் கழிக்க எழுந்திருக்கிறீர்களா?' 'ஆமா.' அபாயக் கட்டத்தில் டிக் விழ இருந்தது. பிறகு அவள் சொன்னாள்: 'ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அளத்துக்குப் போன காலத்துல இருந்தே அப்பந்தான் போவேன். விடிஞ்சா எங்க போறது? அளத்துல மறைவு ஏது?' வெயிலுக்கு முன்னால் உப்பு வார வேண்டும் என்பதும், பெண்கள் ஒதுங்க இடமில்லை என்பதும் சேர்ந்து குடலுக்குப் பழக்கிய நேரம் அது. மருத்துவத்தில் அபாயம், உப்பளத்தில் ஒழுங்கு. நான் பக்கத்தில் இல்லாதிருந்தால் அந்த ஒரு டிக் அவளைப் பெருங்குடல் குழாய்ப் பரிசோதனைக்கும் அதற்கான பில்லுக்கும் கொண்டுபோயிருக்கும்.

மறுபக்கம்தான் உயிருக்கு ஆபத்து. 'மலத்தில் இரத்தம் உண்டா?' என்றதற்கு இல்லை என்றாள். 'செவப்பா ஏதாச்சும்?' என்று மாற்றிக் கேட்டதும் 'அது சூட்டுக்கு எப்பவாச்சும் வரும், மூலச்சூடு' என்றாள். அவளைப் பொறுத்தவரை இரத்தம் என்பது வெட்டுப்பட்டால் வருவது, இது சூடு. படிவம் இதைப் பிடித்திருக்காது. குடல் காசநோயும் ஒட்டுண்ணித் தொற்றுகளும் இன்னும் சாதாரணமாக இருக்கும் நம் நாட்டில், அப்படித் தப்பிப்போகிற ஒரு 'இல்லை'யின் விலை அதிகம்.

7

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். மேலே சொன்ன 33 நாட்டு ஆய்வில் பெரும்பாலான நாடுகளில் மக்கள் தனியே கணினியில் பதில் தந்தார்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில் ஆட்கள் வீட்டுக்குப் போய் நேரில் கேட்டார்கள். இணையவழியில் 40.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு செயல்சார் வயிற்றுக் கோளாறு. நேரில் கேட்டபோது 20.7 சதவீதம். நாடுகள் வேறு, மக்கள் வேறு என்பதால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்க்கக்கூடாதுதான். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் நடு வீட்டில் உட்கார்ந்து மலத்தைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேர் உள்ளதைச் சொல்வார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த வினைக்கு நேரான சொல்லை நாம் பொதுவில் சொல்வதில்லை. 'வெளிக்குப் போறது' என்று இடத்தைச் சொல்லித்தான் செயலைக் குறிக்கிறோம். சித்தியின் படிவத்தை நான் வாசித்ததும் இருபது பேர் இருந்த கூடத்தில்தான். சில கேள்விகளுக்கு அவள் என் காதருகே குனிந்தாள். இரண்டு கேள்விகளுக்கு 'அத விடு' என்றாள். விட்டேன்.

8

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இதை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்? மாற்று என்ன என்று பார்த்தால் தெரியும். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வின்படி இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவழிக்கும் நேரம் சுமார் 2 நிமிடம். சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். இரண்டு நிமிடத்தில் உற்றது உரைக்க முடியாது. அந்த நிலையில், காத்திருக்கும் ஒரு மணி நேரத்தை நோயாளி பேசும் நேரமாக மாற்றும் எதையும் நான் வரவேற்பேன்.

இதற்குச் சான்று உண்டு. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயிற்று நோயாளிகள் கணினியில் தாங்களே பதில் சொல்லி உருவான நோய்க்குறிப்பையும் மருத்துவர் எழுதிய குறிப்பையும், எது யாருடையது என்று சொல்லாமல் வேறு மருத்துவர்களிடம் கொடுத்தபோது, நோயாளியின் பதிலிலிருந்து வந்ததே முழுமையானது என்றார்கள். வயிற்றுக்கு வெளியே இன்னும் பெரிய சான்று: கீமோதெரபி எடுத்துக்கொண்ட 766 புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினர் தம் அறிகுறிகளைத் தாமே தொடர்ந்து பதிவுசெய்தார்கள், கடுமையானால் செவிலியருக்குத் தகவல் போனது. இவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு 26 மாதம். 2017-இல் வெளியான முடிவு. கேட்பதும், கேட்டதற்கு யாராவது அசைந்துகொடுப்பதும் ஆயுளை நீட்டியிருக்கின்றன.

9

ஆஸ்பத்திரியில் 'என்ன கம்ப்ளைண்ட்?' என்று கேட்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் அதே சொல். தூத்துக்குடியில் இந்த இரண்டு பொருளும் ஒன்றான காலம் உண்டு. 2013 மார்ச்சில் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது என்று மக்கள் சொன்னார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறக்க அனுமதித்தது. 2018 மே 22 ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச்சூடு, 13 பேர் மரணம். ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆலையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. இத்தனை வருஷமும் அடியில் ஓடிய கேள்வி ஒன்றுதான்: கருவி காட்டாததை உடம்பு சொன்னால் அது ஆதாரமா?

வயிற்றுப் படிவத்தின் கடைசிக் குறை இங்கேதான் தெரிகிறது. அது குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்கிறது. தெருவில் யாருக்காவது உண்டா என்று கேட்பதில்லை. வேலையிடத்தில் குடிக்கத் தண்ணீர் உண்டா, ஒதுங்க இடம் உண்டா என்று கேட்பதில்லை. ஒவ்வொரு வயிறும் தனித்த தீவு என்பது அதன் அனுமானம். உப்பளத்துப் பெண்கள் நூறு பேர் தனித்தனியாக 'மலச்சிக்கல்: ஆம்' என்று டிக் அடித்தால் நூறு சீட்டு மருந்து எழுதப்படும். ஒரு கழிப்பறைகூடக் கட்டப்படாது.

10

செய்ய வேண்டியது கடினமானதல்ல. ஒரு படிவத்தை மொழிபெயர்ப்பதற்கு ஒழுங்கான முறை உண்டு. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து ஒப்பிடுவது, இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்துக்குத் திருப்புவது, பிறகு நோயாளிகள் சிலரோடு உட்கார்ந்து 'இந்தக் கேள்வியை நீங்க என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?' என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. கடைசிப் படியில்தான் 'சூடு' என்பதும் 'ரெண்டு மணி' என்பதும் வெளியே வரும். அதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள், நேரம் பிடிக்கும் என்று. அந்த வேலைக்கு வட்டார வழக்கு தெரிந்தவர்கள் வேண்டும். கரிசலையும் நெய்தலையும் எழுதுகிற நண்பர்கள், சொல்லகராதிக்குச் சொல் சேகரிக்கிறவர்கள், உப்பளத் தொழிலாளரோடு வேலை செய்கிற தோழர்கள், இவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? 'என்னமோ செய்யுது' என்பதற்கு ஒரு கட்டம், நோயாளியின் வார்த்தையிலேயே எழுத நாலு வரி இடம், வாசித்துக்காட்டத் தனி அறை, வேலையிடம் பற்றி இரண்டு கேள்வி. இவற்றைக் கேட்டு வாங்கலாம்.

சித்தியை உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு என்னிடம் 'வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் வலி, இல்லையா?' என்றார். நான் 'அது நான் போட்டது டாக்டர்' என்றேன். அவர் தாளை மூடி வைத்துவிட்டுச் சித்தியைப் பார்த்து 'நீங்க சொல்லுங்கம்மா' என்றார். சித்தி சித்தப்பா செத்ததிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே டோக்கன் நம்பரைக் கேட்டு யாரோ கதவைத் தட்டினார்கள். டாக்டர் இருங்க என்று கையைக் காட்டிவிட்டு, சிவப்பாகப் போவது எத்தனை நாளாக என்று கேட்டார்.